பெயரற்ற வாழ்வும் வாழ்வற்ற பெயர்களும்: பண்டைத் தமிழர் வாழ்வியலை எழுதிய மூவர்

1. வினாவும் எல்லையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில், ஏ. கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோது, கனடாவிலேயே பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். இந்தப் பாடல்களில் வரும் எவருக்கும் பெயர் இல்லையா என்பதே அவ்வினா. அன்பின் ஐந்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்ற தொல்காப்பிய மரபை எடுத்துரைத்து அன்று விடையளித்தேன். விடை சரியானதே, ஆயினும் போதுமானதன்று. அதே பருவத்தில் அம்மாணவிக்கு நான் படிக்கக் கொடுத்திருந்த பண்டைத் தமிழர் வாழ்வு பற்றிய நூல்கள், அந்தப் பெயரற்ற மாந்தரைச் சான்றாகக் கொண்டே உண்மையில் வாழ்ந்த மக்களின் உணவையும் உடையையும் மணவாழ்வையும் தொழிலையும் விவரித்திருந்தன. கவிதை மரபு தன் தேவைக்காகப் பெயரை நீக்கியது. வரலாறு எழுதியோர் அந்த நீக்கத்தைக் கவனியாமலே அதன் மீது கட்டடம் எழுப்பினர்.

இக்கட்டுரை அந்த விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகும். பண்டைத் தமிழர் வாழ்வியலை எழுதிய மூவரின் நூல்களை இது மறுவாசிப்புக்கு எடுத்துக்கொள்கிறது. வி. கனகசபைப்பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்', சு. வித்தியானந்தனின் 'தமிழர் சால்பு' (1954), க. கைலாசபதியின் 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்பன அவை. இறுதி நூலோடு, அதே ஆசிரியர் 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகத் தந்த தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலும் இணைத்து நோக்கப்படுகிறது. பி. தி. சீனிவாச ஐயங்கார், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, ந. சுப்பிரமணியன், கே. கே. பிள்ளை ஆகியோரின் நூல்கள் பெறுமதியுடையனவாயினும் அவை இங்கு விரிவாக ஆராயப்படவில்லை. மேற்கூறிய மூவரும் யாழ்ப்பாண மரபுடன் தொடர்புடையோர் என்பதும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தலைமுறையின் முறையியலைத் தெளிவாகக் காட்டுகின்றனர் என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்கள்.

2. கனகசபைப்பிள்ளை: அச்சேறிய நூல்கள் தந்த படிமம்

கனகசபைப்பிள்ளை சென்னையில் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். வின்சுலோ அகராதிப் பணியில் ஈடுபட்ட மல்லாகம் விசுவநாதபிள்ளையின் மகன். 1895 முதல் 1901 வரை 'மதராஸ் ரிவியூ' இதழில் எழுதிய கட்டுரைகளே 1904இல் நூலுருப் பெற்றன. 1906இல் அவர் மறைந்தார். இந்நூலின் அருமையை உணர, அவர் மேசையில் எந்நூல்கள் இருந்திருக்கக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றியிருந்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் உ. வே. சாமிநாதையரால் வெளியிடப்பட்டிருந்தன. நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் அப்போது அச்சில் இல்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்தவர் என்ற வகையில் அவற்றுட் சிலவற்றை அவர் அறிந்திருந்தார் எனினும், அவருடைய படிமத்தின் முதுகெலும்பு புறநானூறும் பத்துப்பாட்டும் இரட்டைக் காப்பியங்களுமே.

இதன் விளைவு நூலின் அமைப்பிலேயே தெரிகிறது. நில அமைப்பு, அயல்நாட்டு வணிகம், இனக்குழுக்கள், மூவேந்தர் வரலாறு, சமூக வாழ்க்கை எனச் செல்லும் அதிகாரங்களுக்கு நடுவே, சிலப்பதிகாரக் கதையும் மணிமேகலைக் கதையும் தனித்தனி அதிகாரங்களாகச் சுருக்கிக் கூறப்படுகின்றன. ஒரு சமூக வரலாற்று நூலில் காப்பியக் கதைச் சுருக்கம் ஏன் இடம்பெற வேண்டும்? கயவாகு மன்னனைச் செங்குட்டுவனின் சமகாலத்தவனாகக் கொண்டு காலம் கணித்த அவர், காப்பியத்தையும் அக்காலத்தின் நேர்ச்சான்றாகவே ஏற்றுக்கொண்டார் என்பது ஒரு விடை. அதற்கு மேலும் ஒரு விடை உண்டு என்பது என் கருத்து. புறநானூறு மன்னரையும் வேளிரையும் புலவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. சாதாரணக் குடிமக்களை அவ்வாறு அறிமுகப்படுத்துவது அரிது. நகரத்து வணிகன் ஒருவன், அவன் மனைவி, ஆடற்கணிகை ஒருத்தி, பொற்கொல்லன் ஒருவன், இடையர் குலத்து முதியவள் ஒருத்தி எனப் பெயரும் முகமும் கதையும் உடைய மனிதரைத் தேடிய வரலாற்றாசிரியருக்குக் கோவலனும் கண்ணகியும் மாதவியும் மாதரியும் கிடைத்தனர். வரலாறு தராத மனிதரைக் காப்பியத்திலிருந்து அவர் கடனாகப் பெற்றார்.

இதனைக் குறை எனச் சொல்லி ஒதுக்குவது எளிது. கி.பி. 50 முதல் 150 வரையிலான ஒரு நூற்றாண்டுக்குள், வெவ்வேறு காலத்து நூல்களை ஒன்றாக அடக்கியமை முறையியற் பிழையே. ஆனால் பிளினி, தாலமி, பெரிப்புளூசு ஆகிய அயலவர் குறிப்புகளைத் தமிழ்ச் செய்யுளோடு வரிசைப்படுத்தி ஒப்புநோக்கிய முதல் விரிவான முயற்சிகளுள் ஒன்று அது. அயலவர் குறிப்பிட்ட துறைமுகத்துக்குள் தமிழ்ச் செய்யுளின் மனிதரை நடமாட விட வேண்டும் என்ற விருப்பம், வாழ்வியல் வரலாறு எழுதும் எவருக்கும் இருக்க வேண்டிய விருப்பமே. அதனை நிறைவேற்றத் தக்க சான்று அவர் கையில் இருக்கவில்லை.

3. வித்தியானந்தன்: சால்பு என்னும் அளவுகோல்

அரை நூற்றாண்டு கழித்து வந்த 'தமிழர் சால்பு' வேறொரு சூழலின் பிள்ளை. இலண்டன் பல்கலைக்கழகத்தில் பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற வித்தியானந்தன், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது எழுதியது இது. ஆட்சி, போர், சமயம், வாழ்க்கை முறை, கலை எனப் பொருள்வாரியாகச் சங்கச் செய்யுட்களைப் பகுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் செய்யுள் எண்ணைச் சான்றாகக் காட்டும் ஒழுங்கு இந்நூலின் பெரும் பலம். ஈழத்தில் பல தலைமுறை மாணவர் சங்க காலத்தை அறிந்துகொண்டது இந்நூலின் வழியே. என் தலைமுறையும் அதற்கு விலக்கன்று.

இதே 1954இல் மோசஸ் ஃபின்லி 'ஒடிசியஸின் உலகம்' என்ற நூலை வெளியிட்டார். இரண்டும் வீரநிலைக் கவிதையைச் சான்றாகக் கொண்டு ஒரு சமூகத்தை மீட்டெழுத முயன்ற நூல்கள். ஃபின்லி உணவு, உடை, அணி என்ற தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. கொடை, இல்லம், உறவு, மானம் என்பன எவ்வாறு இயங்கின என்று கேட்டார். கொடுத்த பொருள் எதனைத் திரும்பக் கொண்டுவந்தது, கொடுக்க இயலாதவன் நிலை என்னாயிற்று என்பன அவர் வினாக்கள். வித்தியானந்தனின் நூல் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அப்பொருள்கள் கைமாறிய முறையைப் பெரும்பாலும் கேட்பதில்லை. இவ்வேறுபாடு திறமையால் எழுந்ததன்று, நோக்கத்தால் எழுந்தது. 'சால்பு' என்ற சொல்லே நூலின் நோக்கத்தை உணர்த்துகிறது. அது நிறைவையும் மேன்மையையும் குறிக்கும் சொல். ஒரு பண்பாட்டின் நிறைவை எடுத்துக்காட்டப் புறப்பட்ட நூல், அதன் முரண்களை நடுவில் நிறுத்த இயலாது.

பத்துப்பாட்டில் இந்த ஆசிரியருக்கு இருந்த புலமை ஐயத்துக்கிடமற்றது என்பதால், அங்கிருந்தே ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தில் நாள்தோறும் ஊன் உண்ட பொருநன், கொல்லையை உழுத கொழுவைப்போலத் தன் பற்கள் மழுங்கிவிட்டதாகக் கூறுகிறான். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி சேர்த்து, நிலவுரலில் குற்றி, உவர்நீரில் சமைத்து உலர்ந்த ஊனோடு விருந்தினர்க்கு அளிக்கின்றனர். வாழ்வியல் நூல்கள் இவ்விரண்டையும் 'உணவு' என்ற தலைப்பின்கீழ் அருகருகே வைப்பது வழக்கம். ஆயினும் ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்ற கலைஞன், பெறாத கலைஞனைப் புரவலனிடம் செலுத்தும் வகை. புரவலன் கொடையும், அவன் நாட்டு வழியில் உள்ள குடிகளின் விருந்தோம்பலும் அந்த வகையின் கட்டாய உறுப்புகள். பொருநனின் மழுங்கிய பல் கரிகாலனின் வண்மைக்குச் சான்று. பொருநர் வழக்கமாக என்ன உண்டனர் என்பதற்கு அது சான்றாகாது. சொல்லப்போனால், அந்த விருந்து அவ்வளவு வியப்புக்குரியதாக இருந்தமை, மற்ற நாள்களில் அவன் வயிறு எவ்வாறு இருந்தது என்பதையே மறைமுகமாக உணர்த்துகிறது. எயிற்றியின் புல்லரிசி அதனினும் நம்பத்தக்கது. நிலத்தைக் கிண்டும் உழைப்பும் உவர்நீரின் வறட்சியும் புகழ்ச்சிக்கு இன்றியமையாதன அல்ல. ஆகவே கவிஞர் கண்டதைச் சொல்லியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. இவ்வாறு ஒவ்வொரு செய்தியையும் அது வரும் வகையின் தேவையோடு நிறுத்துப் பார்ப்பதே திறனாய்வு. பொருள்வாரிப் பட்டியல் அந்த நிறுவையைத் தவிர்த்துவிடுகிறது.

உரோமர் வாழ்வு பற்றி 1939இல் ஜெரோம் கர்க்கோபினோ எழுதிய புகழ்பெற்ற நூலுக்கும் இதே குறை கூறப்பட்டதுண்டு. யுவெனாலும் மார்சியலும் எழுதிய அங்கதத்தை அவர் நகர வாழ்வின் நேர்ச்சான்றாகக் கொண்டார். அங்கதம் இழிவை மிகைப்படுத்துவது. ஆற்றுப்படை வண்மையை மிகைப்படுத்துவது. திசைகள் வேறு, சிக்கல் ஒன்றே.

வித்தியானந்தன் தம் நூலின் எல்லையைப் பின்னாளில் தம் செயலால் கடந்தார் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். 1950களின் பிற்பகுதி தொடக்கம் அவர் ஈழத்து நாட்டுக்கூத்து மரபை மீட்கும் பணியில் இறங்கினார். அண்ணாவிமாரைத் தேடிச் சென்று, அவர்தம் ஆட்டத்தையும் பாட்டையும் கற்று, பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். பாணரையும் பொருநரையும் கூத்தரையும் ஏட்டில் வகைமாந்தராகக் கண்ட ஆய்வாளர், ஊரும் பேரும் உடைய கலைஞரிடம் மாணவராகச் சென்றார். 'தமிழர் சால்பு' நூலின் மிகச் சிறந்த திருத்தப் பதிப்பு அந்தக் கூத்து மேடைதான் எனச் சொல்லத் தோன்றுகிறது.

4. கைலாசபதி: வாய்பாடும் வகைமாந்தரும்

செய்யுளைச் சான்றாகக் கொள்வதற்கு முன், இது எவ்வகைச் செய்யுள், யார் எதற்காகப் பாடியது என்று கேட்க வேண்டும் என்பதை முறையாக வலியுறுத்தியவர் கைலாசபதி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் அவர் செய்த ஆய்வு, மில்மன் பரி, அல்பேட் லோர்ட் ஆகியோரின் வாய்மொழிக் கவிதைக் கோட்பாட்டையும் சாட்விக் இணையரின் வீரயுகக் கருத்தையும் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தியது. மீண்டும் மீண்டும் வரும் தொடர்களும் காட்சிகளும் வாய்மொழிப் பாடகரின் வாய்பாடுகள் என அவர் காட்டியபோது, பெயரற்ற வகைமாந்தர் ஏன் பெருகினர் என்பதற்கு முதன்முறையாக ஓர் உற்பத்தி விளக்கம் கிடைத்தது. அதற்கு முந்திய 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' வழிபாட்டை அரசியற் பொருளியலோடு தொடர்புபடுத்தி, இனக்குழுத் தலைமையிலிருந்து சோழப் பேரரசு வரையிலான மாற்றத்தை ஒரே கோட்டில் காண முயன்ற தொகுப்பு. 'வாழ்வு' என்பது பொருள்களின் பட்டியல் அன்று, உறவுகளின் இயக்கம் என்ற உணர்வு தமிழில் எழுதப்பட்ட இவ்வகை நூல்களில் இங்கேதான் வலுவாக வெளிப்படுகிறது.

வாய்மொழிக் கோட்பாடு குறித்த மறுப்புகள் அறியப்பட்டவையே. ஹோமரின் நெடுங்காப்பியத்துக்கு வகுத்த அளவுகோல், மிகச் சுருங்கிய அடிகளில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட அகப்பாடலுக்கு முழுமையாகப் பொருந்துமா என்ற வினா இன்றும் உள்ளது. பாணரின் வாய்மொழி மரபைப் புலவர் தம் எழுத்து மரபுக்கு அடித்தளமாக்கினர் என்ற ஜோர்ஜ் ஹார்ட்டின் நிலைப்பாடு இடைவழி ஒன்றைக் காட்டியது. என் மறுப்பு வேறு. வகைமாந்தரை விளக்கிய கைலாசபதி, அவர்களுக்குப் பின்னால் இருந்த தனிமனிதரை நோக்கிச் செல்லவில்லை. கவிதையின் வகைகளுக்குப் பதிலாகச் சமூகவியலின் வகைகள் வந்தன. தலைவன் குறுநிலத் தலைமையின் பிரதிநிதியானான். உமணர் வணிகப் பிரிவினரின் பிரதிநிதிகள் ஆயினர். கா. சிவத்தம்பி 1974இல் திணைக்கோட்பாட்டைச் சமனற்ற பொருளியல் வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கியது இவ்வழியின் உயர்ந்த சாதனை. ஆனால் அங்கும் நிலம் பேசுகிறது, உற்பத்தி முறை பேசுகிறது. மனிதர் பெயரின்றியே நிற்கின்றனர்.

5. ஓடும் குகையும் தரும் பெயர்கள்

கைலாசபதியின் ஆங்கில நூல் வெளிவந்த அதே 1968இல், சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டில், ஐராவதம் மகாதேவன் சங்க காலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். இம்மாநாட்டு மரபின் தொகுதிகளிலேயே பெறுமதிமிக்கவற்றுள் ஒன்று அது. அவர் பணி 2003இல் பெருந்தொகுப்பு நூலாக நிறைவுற்றது. குகைகளில் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்தோரின் பெயர்கள் அக்கல்வெட்டுகளில் உள்ளன. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகை இவ்வகையில் மிக அரியது. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன், பொற்கொல்லன் எனத் தொழிலோடு சேர்த்து மனிதர் தம் பெயரைப் பொறித்துள்ளனர். உப்பு வணிகன் பெயர் வியகன். கொழு வணிகன் பெயர் இளசந்தன்.

இவ்விரு பெயர்களையும் செய்யுளோடு சேர்த்து நோக்குவோம். உப்பு வணிகரான உமணரைச் சங்கப் பாடல்கள் பலமுறை பாடுகின்றன. அவர்களின் வண்டி வரிசை, பழுதடையும் அச்சு, நெடுவழி, விட்டுச் சென்ற அடுப்பு என நுணுக்கமான காட்சிகள் கிடைக்கின்றன. ஓர் உமணனின் பெயர்கூட அவற்றால் அறிய இயலாது. வியகன் என்ற பெயர் குகையில் இருக்கிறது. அவன் வண்டி எவ்வழி சென்றது, அவன் மனைவி யார் என்பதை அக்கல்வெட்டுச் சொல்லாது. அவ்வாறே, பொருநனின் பல்லுக்கு உவமையாகிய கொழு ஆற்றுப்படையில் இருக்கிறது; அதை விற்றவன் பெயர் குகையில் இருக்கிறது. செய்யுள் தருவது பெயரற்ற வாழ்வு. கல்லும் ஓடும் தருவன வாழ்வற்ற பெயர்கள்.

ஓடுகளின் சான்று இதனை மேலும் பெருக்குகிறது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து நடந்த அகழாய்வுகள் பெயர் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகளைத் தந்தன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று கூறும் ஊர் இதுவே என்பது பலர் ஏற்ற கருத்து. அங்குச் சேர மன்னன் பாணர்க்குத் தரும் அணிகலனின் பிறப்பிடமாக அவ்வூர் வருகிறது. அகழாய்விலோ கிடைத்தது பட்டறை. மூலக் கற்கள், பாதி தீட்டிய மணிகள், துளையிடும்போது உடைந்த மணிகள், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் ஆகியன அங்குள்ளன. செய்யுளில் மணி பரிசிலாகத் தொடங்கிப் பரிசிலாகவே முடிகிறது. மண்ணில் அது ஒருவன் கையில் உடைந்து வீணாகிறது. அந்த உடைந்த மணியின் இடம் 'அணிகலன்' என்ற அதிகாரமன்று, 'உழைப்பு' என்ற அதிகாரம். நாம் பேசிய மூவர் நூல்களிலும் அந்த அதிகாரம் எழுதப்படவில்லை.

கீழடியில் 2014இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வையும், தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. நான்காம் பருவத்தில் மட்டும் 56 தமிழ்ப் பிராமி ஓடுகள் கிடைத்தன என்பதும், 'ஆதன்', 'குவிரன் ஆதன்' போன்ற பெயர்களோடு தக்களிகளும் நெசவுக்குரிய எலும்புக் கருவிகளும் விளையாட்டுக் காய்களும் அதே ஊரின் மண்ணில் கிடைத்தன என்பதும் நம் பொருளுக்கு முக்கியம். இத்தகைய இரட்டைப் பெயர்களில் முன்னது தந்தையின் பெயர் எனக் கொள்வது வழக்கு. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கனடிய ஆவணங்களில் சுமந்து திரியும் ஒரு தலைமுறை, அந்த ஓட்டுத் துண்டில் தன் வழக்கத்தின் பழைய வடிவத்தைக் கண்டுகொள்ளும். மன்னர் பட்டியல் தராத உறவை ஒரு சாதாரணப் பெயர் தருகிறது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல் காதிமில் கிடைத்த கண்ணன், சாதன் என்ற பெயர்களும் அத்தகையனவே. கடல் கடந்த தமிழன் என்று பொதுவில் பேசுவதினும், பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்டு அந்தத் துறைமுகத்தில் நின்ற ஒரு கண்ணனைப் பற்றிப் பேசுவது பொருளுடையது.

ஈழத்து வாசகருக்கு இச்சான்றின் பெறுமதி இன்னும் கூடுதலானது. சங்கத் தொகைகளில் ஈழம் மிக அருகியே இடம்பெறுகிறது. பட்டினப்பாலை கூறும் ஈழத்து உணவையும், ஈழத்துப் பூதன்தேவனார் என்ற புலவர் பெயரையும் தவிர்த்தால் சொல்வதற்கு அதிகமில்லை. ஆகவே செய்யுளை மட்டும் நம்பி எழுதிய வாழ்வியல் நூல், ஈழத்தவர் எழுதியதாயினும், ஈழ மண்ணின் வாழ்வைச் சொல்ல இயலவில்லை. வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த காலத்தில், 1980இல், அப்பல்கலைக்கழக ஆய்வாளர் ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால அடக்கம் ஒன்றை அகழ்ந்தபோது, குறியீடுகளும் பிராமி எழுத்தும் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. அதன் எழுத்து 'கோவேத' என வாசிக்கப்பட்டது. அச்சொல்லின் பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. உடலும் எழுத்தும் சேர்ந்து கிடைத்த அந்த மனிதரைப் பற்றி எந்தப் பாடலும் இல்லை.

6. இனி எழுதப்பட வேண்டிய நூல்

இருவகைச் சான்றும் ஒன்றையொன்று தொடாதவை என்று முடிவு கட்டுவதும் தவறு. அவை தொடும் இடம் ஒன்று உண்டு. அது பாடலின் அடிக்குறிப்பு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் எனப் புலவர் பெயர்கள் ஊரையும் தொழிலையும் தாங்கி வருகின்றன. அழகர்மலையில் பெயர் பொறித்த அறுவை வணிகனும், அகப்பாடல் இயற்றிய அறுவை வாணிகனும் ஒரே மதுரைச் சூழலின் ஒரே தொழிலினர். தொகுத்தோர் அடிக்குறிப்பை எப்போது எழுதினர் என்ற சிக்கல் இருப்பினும், இந்தப் பெயரிடும் முறை கல்வெட்டோடு ஒத்துச் செல்வது கவனத்துக்குரியது. பல நூல்கள் இப்புலவர் பெயர்களை, எல்லாத் தொழிலினரும் கற்றிருந்தனர் என்பதற்குச் சான்றாகக் காட்டி நகர்ந்துவிடுகின்றன. துணி விற்றவன் பாலை வழியைப் பற்றிப் பாடும்போது, அவன் அறிந்த வழி எது என்று கேட்டால், பெயரும் வாழ்வும் சந்திக்கத் தொடங்கும். பெயர் தொலைந்து, தம் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என அழைக்கப்படும் புலவரோ, அச்சந்திப்பு எல்லா இடத்தும் நிகழாது என்பதற்கு எடுத்துக்காட்டு.

கிரேக்கர் நிலையோடு ஒப்பிட்டால் தமிழரின் பேறு விளங்கும். 1952இல் மைக்கேல் வென்ரிஸ் நேர்வரி 'பி' எழுத்தைப் படித்தறிந்தபோது, மைசீனிய அரண்மனைகளின் கணக்கேடுகளிலிருந்து இடையரும் தொழிலாளரும், உழவு மாடுகளும்கூடப் பெயரோடு வெளிவந்தன. ஆனால் அக்கணக்கேடுகளுக்கும் ஹோமருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. இரண்டையும் ஒரே சமூகமாக எழுத இயலாது என்பதை ஃபின்லியே வலியுறுத்தினார். தமிழிலோ குகைக் கல்வெட்டும் பானையோடும் தொகைப் பாடலும், காலத்தால் முற்றிலும் ஒன்றாகாவிடினும், ஒன்றன்மேலொன்று கணிசமாகப் படிகின்றன. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் மாந்தர் பெயரும் இரண்டிலும் ஒத்துவருகின்றன. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் வாழ்வியல் நூல் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை என்பதே என் முறைப்பாடு.

அண்மைக் காலத்தில் வேறொரு போக்கு ஓங்கியுள்ளது. எவ்வளவு பழையது என்ற வினா, எவ்வாறு வாழ்ந்தனர் என்ற வினாவை விழுங்கிவிட்டது. கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டா என்ற விவாதமும், தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை பற்றி 2025 சனவரியில் வெளியான அறிக்கையும் ஆய்வுலகுக்கு இன்றியமையாதன. அவற்றை மறுப்பது என் நோக்கமன்று. ஆயினும் பொதுவாசகருக்கான நூல்களும் கண்காட்சிகளும் ஆண்டெண்ணை மட்டுமே தலைப்பாக்கும்போது, இரும்பை உருக்கியவனின் உலைச்சூடு மறைந்துபோகிறது. ஒன்ராறியோ மாகாணம் 2014இலும், கனடிய நாடாளுமன்றம் 2016இலும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அத்திங்களில் ரொறன்ரோவின் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் நம் பிள்ளைகள் காணும் பண்டைத் தமிழர், பெரும்பாலும் கொடியும் வில்லும் கப்பலும் உடைய வேந்தர். அப்பிள்ளைகளின் பெற்றோருட் பலர் தொழிற்சாலையிலும் சமையலறையிலும் சுமையூர்தியிலும் உழைத்து இந்நாட்டில் நிலைபெற்றவர்கள். வேந்தரை மட்டும் மூதாதையராகக் காட்டும் நூல், அந்த உழைப்புக்கு முன்னோர் இல்லை என்று சொல்லாமற் சொல்கிறது. உப்பு வணிகன் வியகனை அறிந்த பிள்ளைக்கு அவ்வாறு தோன்றாது.

எனவே இனி எழுதப்படும் நூலுக்கு மூன்று ஒழுங்குகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு வாழ்வியற் செய்தியின் அருகிலும் அது எவ்வகைச் செய்யுளில், எதன் பொருட்டு வருகிறது என்பதைப் பொதுவாசகருக்கும் விளங்குமாறு கூற வேண்டும். ஆற்றுப்படை விருந்தையும் அகப்பாடலின் அடுக்களையையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. இரண்டாவது, அதிகாரங்களைப் பொருள்வாரியாக அமைக்காமல் வேலைவாரியாக அமைக்கலாம். மணி துளைத்தல், நூல் நூற்றல், உப்பு ஏற்றிச் செல்லல், புல்லரிசி குற்றல் என்று தொடங்கினால் செய்யுளும் மண்ணும் இயல்பாகவே ஒன்றுசேரும். பெண்களின் உழைப்பும் அவ்வழியே உள்ளே வரும். எயிற்றியின் உலக்கையும் கீழடியின் தக்களியும் அதற்குச் சான்று. மூன்றாவது, கிடைத்த பெயர்களைக் காக்க வேண்டும். கிடைக்காத வாழ்வைக் கற்பித்து நிரப்பலாகாது. கனகசபைப்பிள்ளை காப்பியத்திலிருந்து கடன் வாங்கியதை நாம் இன்று செய்யத் தேவையில்லை. வியகன் என்ற பெயருக்குப் பின்னால் வெற்றிடம் விடுவது நேர்மையான வரலாறே.

குகைக் கல்வெட்டுக்கும் தனக்கே உரிய சார்பு உண்டு என்பதையும் இந்நூல் மறக்கலாகாது. தானம் செய்யும் வசதி இருந்தோரே அங்குப் பெயர் பெற்றனர். கொழு வணிகனின் பெயர் நிலைத்தது. அந்தக் கொழுவைக் கொண்டு உழுதவனின் பெயர் அங்கு இல்லை. பானையோடு இவ்வகையில் சற்றுத் தாராளமானது. ஆயினும் பானை உடையவர்க்கே அதுவும் பேசும்.

7. முடிவுரை

இங்கு ஆராயப்பட்ட மூவரும் தத்தம் காலத்தில் இருந்த சான்றுகளைக் கொண்டு எழுதினர். கனகசபைப்பிள்ளை மனிதரைத் தேடிக் காப்பியத்துக்குச் சென்றார். வித்தியானந்தன் செய்யுளை ஒழுங்குபடுத்தினார். பின்னர் கூத்தரிடம் சென்றார். கைலாசபதி செய்யுளின் இயல்பையே வினாவினார். இம்மூன்று செயல்களும் இன்றைய நூலாசிரியருக்குத் தேவை. அவற்றோடு, அவர்களுக்குக் கிட்டாத கல்லும் ஓடும் நமக்குக் கிட்டியுள்ளன.

என் மாணவியின் வினாவுக்கு இன்று விடையளிப்பதாயின் இவ்வாறு கூறுவேன். பாடலில் வரும் தலைவிக்குப் பெயர் இல்லை. அது பாடலின் அறம். அவள் வாழ்ந்த ஊரில், அவள் குழம்பில் இட்ட உப்பை விற்றவனுக்குப் பெயர் இருந்தது. அப்பெயர்களுள் ஒன்று கல்லில் எஞ்சியுள்ளது. இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல், எழுதிக் காட்டும் நூலை அடுத்த தலைமுறை ஆய்வாளர் தர வேண்டும். அதனைத் தமிழிலேயே முதலில் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.